அதிகம் பேசாதவர்கள்: திருநெல்வேலிச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் அதிகம் பேசாத ஆளுக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். உம்மணாமூஞ்சி, அமுக்குணி, கல்லுளிமங்கன், வாய்செத்தது. இதில் ஒன்றுகூடப் பாராட்டு இல்லை. "நிறைகுடம் தளும்பாது" என்று சொல்லும் அதே வாய்தான் "ஊமை ஊரைக் கெடுக்கும்" என்றும் சொல்கிறது. பெற்றோர், ஆசிரியர், வேலை தேடும் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

பேசாமல் இருப்பவர் சுபாவமே அப்படியா, கூச்சமா, கோபமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எவ்வளவு பேசுகிறார் என்று பார்க்காதீர்கள். யாரிடம் பேசுகிறார், எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

சுபாவமாகவே அமைதியானவர், ஒருவரோடு தனியாக இருந்தால் நன்றாகவே பேசுவார். கூட்டம் கூடக்கூடப் பேச்சு குறையும். மூன்று நாள் கோயில் கொடைத் திருவிழாவில் ரேடியோ செட்டும் மேளமும் சொந்தக்காரர்களும் சேர்ந்து அவரைக் களைக்க வைத்துவிடும். நான்காம் நாள் புறவாசல் திண்ணையில் தனியாக உட்கார்ந்து தேறிக்கொள்வார். மனம் உள்நோக்கித் திரும்பியவர், வெளிநோக்கித் திரும்பியவர் என்ற பிரிவை உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் விரிவாக எழுதினார். இது குறையும் இல்லை, நோயும் இல்லை.

கூச்சம் வேறு. கூச்சப்படுபவருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்ப்பார், வாய்ப்புப் போய்விடும், வீட்டுக்கு வந்து "சொல்லியிருக்கலாமே" என்று புழுங்குவார். கோபக்காரரைக் கண்டுபிடிப்பது எளிது. ஊர் முழுக்கப் பேசுவார், ஒரே ஒருவரிடம் மட்டும் பேச மாட்டார்.

வயதானவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தால் முதலில் காதைச் சோதியுங்கள். பாதிதான் கேட்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். வழக்கமாகப் பேசும் ஆள் இரண்டு வாரத்துக்கு மேல் பேச்சைக் குறைத்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடந்தால் அது சுபாவம் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அமைதியானவர்களிடம் அப்படி என்ன பலம்? ஆறுதலுக்குச் சொல்வதுதானே?

ஓரளவு ஆறுதல்தான். பேசாதவன் எல்லாம் ஞானி இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால் பேசாதவனும் உண்டு. ஆனால் கூட்டத்தில் இருந்தும் பேசாத ஆளுக்கு ஒரு லாபம் இருக்கிறது. அடுத்து நாம் என்ன சொல்வது என்ற யோசனையில் மற்றவர்கள் இருக்கும்போது, அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யார் முதலில் ஐந்தாயிரம் என்றார், பிறகு ஏன் மூவாயிரம் என்றார் என்பது அவருக்குத்தான் நினைவிருக்கும். கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி பிரித்த நோட்டு பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். மைக் பிடிப்பவர் கையில் இருக்காது.

ரகசியம் தங்கும் என்பது இன்னொன்று. விலை பேசும்போது வாயை மூடிக்கொள்ளத் தெரிவதும் காசுதான். எதிராளி விலையைச் சொன்னதும் நாலு விநாடி சும்மா இருந்து பாருங்கள். பாதிப் பேர் அவர்களாகவே இறங்கி வருவார்கள்.

நிர்வாகத்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹாஃப்மன் ஆகியோர் அமெரிக்க பீட்சா கடைகளில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்பவர்களாக இருந்தால் கலகலப்பான மேலாளர் கடையில் லாபம் அதிகம். ஊழியர்களே யோசனை சொல்பவர்களாக இருந்தால் கதை மாறுகிறது. அங்கே அதிகம் பேசாத மேலாளரின் கடைதான் முந்துகிறது. காரணம் எளியது, அவர் காதில் யோசனை ஏறுகிறது. எனவே "அமைதியானவரே நல்ல தலைவர்" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நம்ப வேண்டாம். கீழே இருப்பவர்கள் எப்படி என்பதைப் பொறுத்தது அது.

"குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசவில்லை, என் பிள்ளையும் தானாகப் பேசும்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

கூடாது.

தாமிரபரணிக் கரையில் இந்தக் கதை ஒன்றல்ல, இரண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஆழ்வார்திருநகரி. பிறந்ததிலிருந்து பேசாத நம்மாழ்வார், பதினாறு ஆண்டு புளியமரத்தடியில் இருந்தார் என்கிறது வைணவ மரபு. இரண்டு ஊரும் இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்தான். அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பாட்டிமாருக்குப் பேசாத பிள்ளையைப் பற்றிப் பயமே வருவதில்லை. பக்தி தப்பில்லை. கதையை மருத்துவக் கணக்காக எடுப்பதுதான் தப்பு.

கணக்கு இது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், "பப்பா, மம்மா" என்று ஏதாவது குழற வேண்டும். ஒன்றரை வயதுக்குள் பொருளோடு சில ஒற்றைச் சொற்கள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரு சொல் சேர்க்க வேண்டும். இதில் எது தவறினாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள்.

முதல் சோதனை காதுக்கு. குழந்தை தூங்கும்போதே செய்யும் 'பெரா' சோதனை வலிக்காது. "கதவைத் தட்டினால் திரும்புகிறானே" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். கதவுச் சத்தம் கேட்கும் காதுக்கு 'ச', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். மொழி பதிய முதல் மூன்று ஆண்டுகள் முக்கியம். காது கேளாத பிள்ளைகளுக்கென்று நூறாண்டு கடந்த பள்ளி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. ஐந்து வயது வரை காத்திருக்கக் காரணமே இல்லை.

அந்தப் புளியமரத்தடிக் கதையில் கவனிக்க வேறொன்று உண்டு. நம்மாழ்வாரைப் பேச வைத்தவர் திருக்கோளூர் மதுரகவி. "ஏன் பேசவில்லை?" என்று அவர் கேட்கவில்லை. "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" என்று கேட்டார். "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்று பதில் வந்தது. உயிரில்லாத உடலில் நுண்ணிய உயிர் புகுந்தால் எதை அனுபவித்து எங்கே இருக்கும் என்பது கேள்வி, அந்த உடலின் பயனையே அனுபவித்து அங்கேயே இருக்கும் என்பது பதில். கேட்பவர் தரமாகக் கேட்டால்தான் பேசாதவர் வாய் திறப்பார். அடுத்த பதிலும் இதைப் பற்றியதுதான்.

வகுப்பில் பதில் தெரிந்தும் எழுந்திருக்காத மாணவரை என்ன செய்வது?

முதலில் உங்கள் கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் கண்டறிந்தார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாயின, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினர். அவர் சொன்ன இன்னொரு இடைவெளியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் 3 விநாடி காக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் "...ஆனா சார்" என்று இரண்டாவது, கூடுதல் நல்ல பகுதி வரும்.

செய்யும் முறை: கேள்வியைக் கேளுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள். மனதுக்குள் "ஓராயிரம், ஈராயிரம், மூவாயிரம்" என்று எண்ணுங்கள். பிறகு ஒரு பெயர். கடினமான கேள்வி என்றால், எல்லாரும் நோட்டில் ஒரே வரி எழுத 1 நிமிடம், பக்கத்துப் பிள்ளையிடம் சொல்ல 1 நிமிடம், அதன் பிறகு வகுப்புக்கு. நாற்பது பேர் வகுப்பில்கூட இதற்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

எங்கே கெடுகிறது? பெயரை முதலில் சொல்லிவிட்டுக் காத்திருப்பதில். "மாரியம்மா, நீ சொல்லு" என்று நாற்பது தலையும் திரும்பியபின் வரும் 3 விநாடி யோசிக்கத் தந்த நேரமாக இருக்காது, அந்தப் பிள்ளைக்குத் தண்டனையாக இருக்கும். "ஏல, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று ஒரு முறை சொன்னாலும் போதும், அந்த ஆண்டு முழுக்க வாய் திறக்காது. பெற்றோர் கூட்டத்தில் "நல்லா படிக்கான், ஆனா பேச மாட்டேங்கான்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வதும் இதே ரகம். அந்த 'ஆனா'வை அவன் மறக்க மாட்டான்.

வீட்டில் வாயாடுகிறாள், பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பிடிவாதமா?

பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் கழிந்தும், ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் இது 'செலக்டிவ் மியூட்டிசம்' என்ற பதற்ற வகையாக இருக்கலாம். பிடிவாதம் அல்ல, தொண்டை அடைத்துப்போகிறது.

பள்ளி விட்டபின் காலி வகுப்பறையில் அம்மாவும் பிள்ளையும் விளையாடட்டும், பேசட்டும். டீச்சர் முதலில் வாசலில் வேறு வேலையாக நிற்கட்டும். சில நாளில் இரண்டு பெஞ்சு தள்ளி, பிறகு பக்கத்தில், பிறகு விளையாட்டில். அம்மா மெல்லக் கழன்றுகொள்ள வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். "பிடிக்குமா?" என்று கேட்டால் தலையை ஆட்டித் தப்பிக்கலாம், "சிவப்பு வேணுமா, பச்சை வேணுமா?" என்று கேட்டு 5 விநாடி காத்திருங்கள்.

இரண்டு தவறுகள் எல்லாவற்றையும் பின்னுக்கு இழுக்கும். "பேசுனா சாக்லேட்" என்று பலர் முன்னால் பேரம் பேசுவது; முதல் சொல் வந்ததும் வகுப்பே கைதட்டுவது. முதல் சொல்லை ஆயிரமாவது சொல் போலவே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அசைவில்லை என்றால் குழந்தை மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன். என்னால் முந்திக்கொண்டு பேச முடியாது. வேலை போய்விடுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர், 15 நிமிடம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான் பங்கு. 40 விநாடி வீதம் இரண்டு முறை நல்லதாகப் பேசினால் உங்கள் பங்கு முடிந்தது.

முதல் வாய்ப்பை முதல் நான்கு நிமிடத்துக்குள் எடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க நீங்கள் நினைத்ததை வேறொருவர் சொல்லிவிடுவார், பதற்றமும் ஏறும். நுழையும் வாக்கியத்தை முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்." இரண்டாவது முறை, பத்தாம் நிமிடத்துக்குப் பிறகு, யார் யார் எங்கே ஒத்துப்போகிறார்கள் என்று தொகுத்துச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருந்தவரால்தான் இதைச் செய்ய முடியும். கத்தியவர்களுக்கு அடுத்தவர் சொன்னது நினைவிருக்காது.

நேர்காணலில் யோசிக்க நேரம் வேண்டுமானால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு 5 முதல் 10 விநாடி எடுங்கள். சொல்லாமல் எடுத்தால் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வள்ளுவர் "பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்" என்றார். பழுதில்லாமல் சில சொல்லத் தெரியாதவர்தான் பல சொல்ல ஆசைப்படுவார் என்பது பொருள். ஆனால் அவரே அவை அஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பயப்படுவதற்குக் குறளைத் துணைக்கு அழைக்க முடியாது.

ஊர்க் கூட்டத்தில் நாலு பேர் சத்தம்தான் கேட்கிறது. மற்றவர்கள் யோசனையை எப்படி வாங்குவது?

சீட்டில் வாங்குங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் முறைக்குக் காத்திருப்பதிலேயே சொந்த யோசனையை மறந்துவிடுகிறார். கூடிப் பேசுவதைவிடத் தனித்தனியாக யோசித்துச் சேர்த்தால் யோசனைகளின் எண்ணிக்கை கூடுகிறது என்று உளவியலாளர்கள் டீல், ஷ்ட்ரோபே இருவரும் 1987இல் சோதித்துக் காட்டினர்.

ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் 1968இல் சொன்ன முறை ஒன்று உண்டு. 6 பேர், ஆளுக்கொரு தாள், 5 நிமிடத்தில் 3 யோசனை. தாளை வலது கைப்பக்கம் நகர்த்துங்கள். அடுத்தவர் அதைப் படித்து இன்னும் 3 எழுதுவார். ஆறு சுற்று, 30 நிமிடம், 108 யோசனை. கோயில் காரியத்துக்குப் பொருத்தமான எண்தான். பாதி குப்பையாக இருக்கும், பரவாயில்லை.

எழுத வராத பெரியவருக்கு ஒரு கல்லூரிப் பிள்ளையைத் துணைக்கு வையுங்கள். கையெழுத்து தெரிந்துவிடும் என்று பயந்தால் ஒருவரே எல்லாவற்றையும் படிக்கட்டும். நிர்வாகி கடைசியில்தான் பேச வேண்டும். "நான் என்ன நெனைக்கேன்னா..." என்று அவர் ஆரம்பித்துவிட்டால் அதோடு கூட்டம் முடிந்தது.

பெண் பார்க்க வந்தார்கள். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம்தானே?

இல்லை. அது பயமாகவோ, யோசனையாகவோ, "சொல்லி என்ன ஆகப் போகுது" என்ற அலுப்பாகவோ இருக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டார் வருமுன்பே கேளுங்கள். அப்பா கேட்க வேண்டாம். அவள் மனம் விட்டுப் பேசும் அக்காவோ சித்தியோ, தனியாக. "சம்மதம்தானே?" என்பது பதிலைத் திணிக்கும் கேள்வி. "இதுல உனக்கு எது ஒத்துவரல?" என்று கேட்டால், வேண்டாம் என்பதற்கும் வழி திறக்கிறது. இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள், அதுவரை பூ வைக்க நாள் பார்க்காதீர்கள். நாள் குறித்தபின் கேட்பது கேட்பதே அல்ல. பையன்களுக்கும் இதுவேதான், அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

சண்டை வந்தால் வீட்டுக்காரர் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். இதுவும் அமைதியா?

கோபத்தில் நாக்கை அடக்கியது சரி. எப்போது பேசுவேன் என்று சொல்லாமல் விட்டதுதான் தண்டனையாகிறது. "இப்ப பேசுனா சண்டையாகும், ராத்திரி சாப்பிட்ட பெறகு பேசுவோம்" என்று நேரம் சொல்லி விலகினால் எதிராளி தாங்கிக்கொள்வார். படபடப்பு அடங்க எப்படியும் 20 நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் மனதுக்குள் சண்டையைத் தொடர்ந்துகொண்டிருந்தால் அடங்காது, நடக்கப் போங்கள். நாலு நாள் என்பது யாருக்கும் தேவைப்படாது. பிள்ளையைத் தூது விடாதீர்கள்.

பேச்சில்லாமல் வியாபாரம் செய்ய முடியுமா? இருட்டுக்கடை அப்படித்தானே?

நெல்லையப்பர் கோயில் எதிரே பெயர்ப்பலகை இல்லாமல், சாயங்காலம் மட்டும் திறந்து அல்வா விற்கும் கடையை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். அந்த வரிசை தலைமுறைகளாகச் சேர்ந்தது. நேற்றுத் திறந்த கடைக்குப் பலகை வேண்டும், பெரிதாக. பேச வராதவர் விலையை எழுதி ஒட்டலாம், வாட்சாப்பில் ஆர்டர் வாங்கலாம், கல்லாவில் வாயாடியான ஒருவரை உட்கார்த்திவிட்டுச் சரக்கைத் தான் கவனிக்கலாம்.

மௌன விரதம் இருக்க ஆசை. எப்படித் தொடங்குவது, எங்கே போவது?

முதல் நாளே முழு நாள் வேண்டாம். காலை 5 முதல் 7 வரை இரண்டு மணி நேரம், வாரம் ஒரு நாள். வீட்டில் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் கோபம் என்று நினைப்பார்கள். போனை அணைத்து வேறு அறையில் வையுங்கள். பலர் வாயை மூடிக்கொண்டு கையால் ஜாடை காட்டுவார்கள், சீட்டு எழுதி நீட்டுவார்கள், ஸ்டேட்டஸ் பார்ப்பார்கள். அதெல்லாம் பேச்சுதான். முதல் இருபது நிமிடம் மனதுக்குள் இரைச்சல் கூடும், அது இயல்பு. கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக உள்ளவரோ உங்கள் பொறுப்பில் இருந்தால், வேறொருவர் வந்த பிறகு தொடங்குங்கள்.

தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறை விடியற்காலையில் நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் முருகன் கோயிலே முங்கும், அப்போது பக்கம் போக வேண்டாம். இன்னொரு இடம் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும். அவை மிரளக் கூடாது என்று ஊர்மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தை, மாசியில் போங்கள், வண்டி ஹாரனை அடிக்காதீர்கள்.

பேசிக்கொண்டிருந்தவருக்கு திடீரென்று பேச்சு வரவில்லை. கொஞ்சம் படுக்க வைத்துப் பார்க்கலாமா?

படுக்க வைத்துப் பார்க்க நேரமில்லை. வாய் கோணுகிறதா, ஒரு கை தொங்குகிறதா, சொல் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 108. பக்கவாதமாக இருந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக நன்றாகப் பேசிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரையேறும்.

துட்டி (இழவு) வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

பேச வேண்டாம். "எப்படி ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி? முன்னாடியே பாத்திருக்கலாமே?" என்று அன்று ஐம்பது பேர் கேட்டிருப்பார்கள், ஐம்பது முறையும் அந்த வீட்டுக்காரி முதலிலிருந்து சொல்லியிருப்பாள். ஐம்பத்தோராவது ஆளாக நீங்கள் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடிக்கும் உரிமை இருந்தால் பிடியுங்கள், அவர்களாகப் பேசினால் கேளுங்கள். கால்மணி நேரம் போதும். வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றவோ, பந்தலில் நாற்காலி எடுத்துப் போடவோ ஆள் குறைந்தால் அதைச் செய்யுங்கள். புறப்படும்போது "போய்ட்டு வாரேன்" என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.